சும்மா மேட்ச் வீணில்லை: பேஸ்பால் சிமுலேஷனில் இளம் வீரர்களை வளர்ப்பது எப்படி?

வியாசர்பாடி முல்லை நகர் மைதானத்துப் பக்கம் விடிகாலையில் போனால் இரண்டு வகைக் கால்பந்து ஆட்டம் பார்க்கலாம். ஒன்று பெட் மேட்ச். பந்தயப் பணம் இருக்கும், பக்கத்து ஏரியாவோடு பழைய கணக்கு இருக்கும். யார் கெஞ்சினாலும் அதில் சின்னப் பையனை உள்ளே விடமாட்டார்கள். இன்னொன்று சும்மா மேட்ச். அதில்தான் பதினான்கு வயதுப் பையன் முதல் தடவையாகப் பெரியவர்களின் தோளோடு மோதிப் பந்தைக் காப்பாற்றக் கற்றுக்கொள்கிறான். இந்த வியாசர்பாடியிலிருந்துதான் நந்தகுமார் சேகர் இந்தியக் கால்பந்து அணி வரை போனார். காசு வைக்காத ஆட்டத்துக்கு எங்கள் பக்கம் இருக்கும் மதிப்பு எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

ஆனால் பேஸ்பால் சிமுலேஷன் கேம் ஆட ஆரம்பித்தபோது அதை மறந்துவிட்டேன். சீசன் தொடங்குவதற்கு முன் ஒரு மாதம் பயிற்சி ஆட்டங்கள் வரும். கணக்கில் சேராத ஆட்டம்தானே என்று பட்டனை அழுத்தி மார்ச் கடைசிக்குத் தாவிவிடுவேன். இரண்டு சீசன் அப்படியே போனது. மூன்றாவது சீசனில் அணியின் பாதி ஆட்கள் முப்பத்து மூன்று வயதைத் தாண்டியிருந்தார்கள், பின்னால் வர ஒருவரும் தயாராக இல்லை. அதற்குப் பிறகுதான் அந்த ஒரு மாதத்தை நாள் நாளாக ஆட ஆரம்பித்தேன். எங்கள் மாடி வீட்டுத் தம்பி போன மாதம் இந்த கேமை வாங்கினான். அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கேமைப் பற்றி முதலில் கொஞ்சம்

நான் ஆடுவது ‘அவுட் ஆஃப் த பார்க் பேஸ்பால்’. 1999 முதல் வரும் கேம். மட்டையை நாமே வீசுவது இதில் வேலை இல்லை. அணி நிர்வாகியாக உட்கார்ந்து யாரை எடுப்பது, யாரை எங்கே ஆட வைப்பது என்று தீர்மானிக்க வேண்டும். பெரும்பாலும் பட்டியல்களும் எண்களும்தான் என்பதால் பழைய லேப்டாப்பே போதும். ஆண்டுதோறும் புதுப் பதிப்பு வரும், அப்போது பழைய பதிப்பு, கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் அடிக்கடி தள்ளுபடியில் கிடைக்கும். கற்றுக்கொள்ள அது தாராளம். வேறு சிமுலேஷன் கேம் வைத்திருப்பவர்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

கிரிக்கெட் மட்டும் பார்த்தவர்களுக்குச் சில சொற்கள். பிட்சர் என்றால் பந்து வீசுபவர், பேட்டர் அடிப்பவர், கேட்சர் பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர். ஓர் இன்னிங்ஸில் இரண்டு அணியும் ஒருமுறை அடிக்கும், ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். மட்டையை வீசித் தவறினாலோ சரியான பந்தை விட்டுவிட்டாலோ அது ஸ்ட்ரைக், பேட்டர் மூன்று ஸ்ட்ரைக் வாங்கினால் ஸ்ட்ரைக் அவுட். பிட்சர் சரியான எல்லைக்கு வெளியே நான்கு பந்து போட்டால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்குப் போகலாம், அது வாக். பேட்டிங் சராசரி .300 என்றால் பத்து முறை அடிக்க நின்றதில் மூன்று ஹிட், அதாவது பந்தை அடித்து அவுட் ஆகாமல் பேஸை எட்டியது மூன்று முறை. பேஸ்பாலில் அது நல்ல எண்.

வீரர்களின் திறமையை 20 முதல் 80 வரை மதிப்பெண்ணாகக் காட்டுவார்கள். ஸ்கவுட்டுகள், அதாவது வீரர்களைத் தேடி மதிப்பிடுபவர்கள், நிஜத்தில் பயன்படுத்தும் அளவுகோலே இது. 50 என்பது அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் படியான மேஜர் லீக்கின் சராசரி. ஒவ்வொரு திறமைக்கும் இரண்டு எண் இருக்கும்: இன்றைக்கு இருப்பது ஒன்று, வளர்ந்தால் எட்டக்கூடியது இன்னொன்று. முதல் எண் 35, இரண்டாவது 60 என்று ஒரு பத்தொன்பது வயதுப் பையன் இருந்தால், அந்த இடைவெளியை நிரப்புவதுதான் நம் வேலை. அந்த 60 உறுதியில்லை. நம் ஸ்கவுட்டின் ஊகம் அது, அவ்வளவுதான்.

நிஜத்தில் இந்தப் பயிற்சிக் காலத்துக்கு ஸ்பிரிங் டிரெயினிங் என்று பெயர். பிப்ரவரி நடுவில் பிட்சர்களும் கேட்சர்களும் முதலில் வந்து சேருவார்கள். மொத்தம் 30 மேஜர் லீக் அணிகள். 15 அணிகள் அரிசோனாவில் கேக்டஸ் லீக்காகவும், 15 அணிகள் புளோரிடாவில் கிரேப்ஃப்ரூட் லீக்காகவும் ஆடும். ஒவ்வோர் அணிக்கும் ஏறக்குறைய முப்பது ஆட்டம். அதற்குப் பிறகுதான் 162 ஆட்டம் கொண்ட நிஜ சீசன்.

படி 1: தொடங்கும் முன் அமைப்புகள்

லீக் அமைப்புகளில் ஸ்பிரிங் டிரெயினிங் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சொந்தக் கற்பனை லீக் உருவாக்கும்போது அதை அணைத்துவிட முடியும், பலர் தெரியாமலே அணைத்திருப்பார்கள். ஸ்கவுட்டிங்கை அணைக்காதீர்கள். அணைத்தால் எல்லோருடைய உண்மை மதிப்பெண்ணும் அப்படியே தெரியும், பயிற்சி ஆட்டத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஒன்றும் மிச்சமிருக்காது. கற்றுக்கொள்ளும் காலத்தில் நடுத்தரத் துல்லியம் சரியாக இருக்கும்.

அப்புறம் கேமை ஒரு தனிப் பெயரில் சேமித்து வையுங்கள். எங்கள் பக்கம் கோடையில் கரண்ட் போவதற்காக மட்டும் சொல்லவில்லை, பின்னால் ஒரு சோதனைக்கு அது தேவைப்படும்.

ஒரு நோட்டும் வேண்டும். நான் கோடு போட்ட லாங் நோட்டு வைத்திருக்கிறேன். முகாமுக்கு வரும் ஒவ்வோர் இளைஞனுக்கும் ஒரு பக்கம். பெயர், வயது, இன்றைய மதிப்பெண்கள், இந்த முகாமில் அவனைப் பற்றி எனக்கு என்ன தெரிய வேண்டும் என்ற ஒரே ஒரு கேள்வி. ‘இடது கை பிட்சரை எதிர்கொள்வானா?’, ‘செகண்ட் பேஸில் நிற்க முடியுமா?’ இந்த மாதிரி. எந்தப் பையனுக்குக் கேள்வி எழுதத் தோன்றவில்லையோ, அவனை முகாமுக்கு அழைக்க வேண்டிய தேவையும் இல்லை.

படி 2: யாரை அழைப்பது?

புதிதாக ஆடுபவர்கள் இங்கேதான் அதிகம் சறுக்குகிறார்கள். மதிப்பெண் பட்டியலில் மேலே இருக்கும் பத்து இளைஞர்களையும் பெரிய முகாமுக்கு இழுத்துவிடுவார்கள். ஆட்டம் முப்பதுதான். ஒன்பது இடம்தான். பழைய வீரர்களும் உடம்பைத் தயார் செய்ய வேண்டும். பத்துப் பேரை வைத்துக்கொண்டால் ஒவ்வொருவருக்கும் கடைசி இரண்டு இன்னிங்ஸ்தான் மிஞ்சும். தெருவில் விளையாடும்போது சின்னப் பிள்ளை அழக் கூடாதென்று ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோமே, அப்படி ஆகிவிடும் அவன் நிலைமை.

நான் நான்கு அல்லது ஐந்து பேட்டர்கள், நான்கு பிட்சர்களோடு நிறுத்திக்கொள்வேன். தேர்வு இப்படி: இந்த ஆண்டே மேஜர் லீக் வாசலில் நிற்பவர்கள் இருவர், அதாவது மேஜர் லீக்குக்குக் கீழே உள்ள மைனர் லீக்குகளில் மேல்படியான டிரிபிள்-ஏ முடித்த இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுக்காரர்கள். அடுத்த ஆண்டு வரக்கூடிய, அதற்கு ஒரு படி கீழான டபுள்-ஏ பையன்கள் இருவர். ஃபீல்டிங்கில் இடம் மாற்றிப் பார்க்க வேண்டிய ஒருவர். பதினெட்டு வயதில் டிராஃப்டில், அதாவது அணிகள் முறை வைத்துப் புதியவர்களை எடுக்கும் தேர்வில், வந்தவனை எவ்வளவு ஆசையாக இருந்தாலும் அழைக்க வேண்டாம். அவனுக்குரிய இடம் கீழே.

இதற்கு நம் நாட்டோடு தொடர்புள்ள ஓர் உதாரணம் உண்டு. 2008-ல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் வேகமாகப் பந்தெறிந்து தேர்வான ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் செய்தது. இருவரும் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஈட்டி எறியும் வீரர்கள், அதற்கு முன் பேஸ்பால் ஆடியதே இல்லை. கையில் வேகம் இருந்தது. ஆனாலும் அணி அவர்களை 2009-ல் அடிமட்டமான ரூக்கி லீக்கில்தான் ஆட விட்டது. ரிங்கு சிங் அங்கிருந்து சிங்கிள்-ஏ வரை ஏறினார். வேகம் இருக்கிறதே என்று நேராக மேலே கொண்டுபோய் நிறுத்தியிருந்தால் அந்த ஏற்றம்கூட நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

படி 3: யாருக்கு எதிராக, எத்தனை முறை?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி ஆட்டத்தில் முதல் நான்கைந்து இன்னிங்ஸ்வரைதான் எதிரணியின் நிஜ ஆட்கள் இருப்பார்கள். அதன் பிறகு அவர்கள் குளித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள், மைனர் லீக் பையன்கள் இறங்குவார்கள். எட்டாவது இன்னிங்ஸில் உங்கள் பையன் அடிக்கும் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி), அவனைப் போன்ற இன்னொரு பையன் போட்ட பந்தில் அடித்தது. முதல் இன்னிங்ஸில் ஓர் அணியின் முதன்மைப் பிட்சரிடம் ஏழெட்டுப் பந்து தாக்குப்பிடித்து அவுட் ஆவதில் எனக்குத் தெரிய வருவது அதைவிட அதிகம்.

அதனால் இளைஞனை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே இறக்குங்கள். பேட்டிங் வரிசையில் இரண்டாவதாகவோ ஆறாவதாகவோ எழுதி, ஐந்து இன்னிங்ஸ் ஆட விட்டு, பிறகு மூத்தவரை மாற்று ஆளாக அனுப்புங்கள். வழக்கத்துக்குத் தலைகீழாகத் தோன்றும். மூத்தவருக்கு உடம்பு சூடாக எந்தப் பிட்சராக இருந்தாலும் போதும். இளைஞனுக்குத்தான் நல்ல பிட்சர் வேண்டும்.

ஓர் ஆட்டத்துக்கு மூன்று வாய்ப்பு, மொத்தம் பதினெட்டு ஆட்டம் என்று கணக்குப் போடுங்கள். ஐம்பத்து சொச்சம் வாய்ப்பு வரும். ஐந்து இளைஞர்களுக்கும் ஒரே மாதிரி கொடுக்க முடியாது. வாசலில் நிற்கும் இருவருக்கு இந்த ஐம்பது, மற்றவர்களுக்கு இருபது, முப்பது. சில நாள் அணி இரண்டாகப் பிரிந்து இரண்டு ஊரில் ஆடும். நிஜத்திலும் அந்த வழக்கம் உண்டு. அந்த நாட்களில்தான் டபுள்-ஏ பையன்களுக்கு முழு ஆட்டம் கிடைக்கும், தவற விடாதீர்கள். நான்கு நாள் ஆடினால் ஐந்தாம் நாள் ஓய்வு. மார்ச்சில் தொடைத் தசை இழுத்துக்கொண்டு மே வரை படுத்திருப்பவன் எதையும் கற்றுக்கொள்ளப் போவதில்லை.

கேமின் தானியங்கி மேலாளரிடம் இதை விட்டுவிட்டால் அவர் வெல்லப் பார்ப்பார், மூத்தவர்களையே இறக்குவார். ஆகவே பேட்டிங் வரிசையை நாமே எழுத வேண்டும். வலது கை பிட்சருக்கு ஒன்று, இடது கை பிட்சருக்கு ஒன்று என்று தனித்தனி வரிசை இருக்கும். புதியவர்கள் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு இன்னொன்றை மறந்துவிடுவார்கள். மாடி வீட்டுத் தம்பி, “அண்ணா, மூணு நாளா நம்ம பையனைக் காணோமே” என்று ஓடிவந்தது இதனால்தான். அந்த மூன்று நாளும் எதிரணியில் இடது கை பிட்சர்கள்.

தோற்றால் தோற்கட்டும். பயிற்சிக் காலத்தில் எத்தனை வெற்றி என்பதை நான் நோட்டில் எழுதுவதே இல்லை.

படி 4: பிட்சர்களுக்கு வேறு கணக்கு

தொடக்க பிட்சராக வளர்க்க நினைப்பவனை முதல் ஆட்டத்தில் இரண்டு இன்னிங்ஸ், முப்பது முப்பத்தைந்து பந்தோடு நிறுத்துங்கள். ஐந்து நாளைக்கு ஒருமுறை அவன் முறை வரும். ஒவ்வொரு முறையும் ஒரு இன்னிங்ஸ், பதினைந்து பந்து கூட்டிக்கொண்டே போங்கள். முகாம் முடியும்போது ஐந்து இன்னிங்ஸ் தாங்குவான். ஒவ்வொரு பிட்சருக்கும் தனியாகப் பந்து எண்ணிக்கை வரம்பு வைக்கும் வசதி கேமில் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் தானியங்கி மேலாளரும் மீற மாட்டார். களைத்த கையோடு வீசுபவனுக்குக் காயம் வரும் ஆபத்து கூடும், பிட்சருக்கு முழங்கைக் காயம் என்றால் ஒரு சீசனே போய்விடும்.

அவன் புதிதாகக் கற்கும் பந்து ஏதாவது இருந்தால், உதாரணமாக வேகத்தைக் குறைத்து ஏமாற்றும் சேஞ்ச்-அப், அதன் மதிப்பெண்ணை முகாமுக்கு முன்னும் பின்னும் எழுதி வையுங்கள். மூன்று வகை நல்ல பந்து இல்லாதவன் தொடக்க பிட்சராக நிற்பது கடினம், ஆட்டத்தின் நடுவில் வந்து வீசும் ரிலீஃப் பிட்சராகத்தான் முடிவான். எந்தப் பாதை என்று இப்போதே தீர்மானிக்காதீர்கள். இருபத்தொரு வயதில் அவசரம் எதற்கு?

படி 5: புது இடத்தில் நிறுத்திப் பாருங்கள்

கேமில் ஒருவன் ஃபீல்டிங்கில் ஓர் இடத்தில் ஆட ஆடத்தான் அந்த இடத்துக்கான அவன் மதிப்பெண் ஏறும். சீசனில் தெரியாத இடத்தில் நிறுத்தினால் அவன் செய்யும் ஒவ்வொரு பிழையும் ஓர் ஆட்டத்தைத் தோற்க வைக்கும். இப்போது பிழை செய்தால் ஒன்றும் இழப்பில்லை.

ஷார்ட்ஸ்டாப், அதாவது செகண்ட் பேஸுக்கும் தேர்ட் பேஸுக்கும் நடுவில், ஆடுபவனே எப்போதும் முதல் தேர்வு. அவனிடம் ஓட்டமும் கையும் இருக்கும். செகண்ட் பேஸ், தேர்ட் பேஸ், சென்டர் ஃபீல்ட் எதுவானாலும் சீக்கிரம் பிடித்துக்கொள்வான். வாரத்தில் இரண்டு ஆட்டம் புது இடத்தில், மற்றவை பழைய இடத்தில். தினமும் மாற்றினால் எதுவும் ஒட்டாது. ஏற்கெனவே நல்ல ஷார்ட்ஸ்டாப் இருக்கும் அணியில் இளம் ஷார்ட்ஸ்டாப் மூன்று ஆண்டு கீழேயே தேங்கிக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது இடம் ஒன்று தெரிந்திருந்தால் அவன் அடுத்த ஏப்ரலிலேயே மேலே வந்திருப்பான். கேட்சரை மட்டும் மாற்றாதீர்கள், மற்றவர்களைக் கேட்சராக்கவும் முயலாதீர்கள். அது தனி வித்தை.

படி 6: எண்களைப் படிப்பது

மார்ச் மூன்றாவது வாரம். உங்கள் பையன் .380 அடித்திருக்கிறான். நெஞ்சு பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

உண்மையில் .260 அடிக்கக்கூடிய ஒருவனை எடுத்துக்கொள்வோம். 50 முறை அடிக்க நின்றால் சராசரியாக 13 ஹிட் வர வேண்டும். ஆனால் தற்செயல் காரணமாக மட்டுமே அது பெரும்பாலும் 10-க்கும் 16-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் விழலாம், அதாவது .200-லிருந்து .320 வரை. சுமார் எட்டில் ஒரு முறை 17 அல்லது அதற்கு மேலும் வரும், அது .340. இப்படிப்பட்ட எட்டு இளைஞர்கள் உங்கள் முகாமில் இருந்தால் அவர்களில் ஒருவன் .340 அடிப்பான் என்று முன்கூட்டியே எதிர்பார்க்கலாம். யார் அந்த ஒருவன் என்பது அதிர்ஷ்டம். புதியவர்கள் அந்த ஒருவனைத்தான் தூக்கி மேஜர் லீக்கில் வைப்பார்கள்.

நிஜத்திலும் இது நடந்திருக்கிறது. 2013-ல் பாஸ்டன் ரெட் சாக்ஸின் ஜாக்கி பிராட்லி ஜூனியர் பயிற்சிக் காலத்தில் .419 அடித்தார். தொடக்க நாளிலேயே அணியில் இடம் கிடைத்தது. அந்த சீசனில் 37 ஆட்டத்தில் அவர் அடித்தது .189. கெட்ட ஆட்டக்காரரா என்றால் இல்லை. 2018-ல் அமெரிக்கன் லீக் இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருது வாங்கினார். மார்ச் மாத எண் அவரைப் பற்றி உண்மை சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? ஸ்ட்ரைக் அவுட்டை. பேஸ்பால் கணக்குகளை ஆய்ந்த ரஸ்ஸல் கார்ல்டன் எந்த எண் எத்தனை வாய்ப்பில் நம்பத் தகுந்ததாகிறது என்று கணக்கிட்டார். ஸ்ட்ரைக் அவுட் விகிதம் 60 வாய்ப்பிலேயே ஓரளவு நிலைக்கு வருகிறது. வாக் விகிதத்துக்கு 120. பேட்டிங் சராசரிக்கோ 900-க்கு மேல். ஆக, பயிற்சிக் காலம் முடிவதற்குள் ஓரளவு நம்பக்கூடிய பேட்டிங் எண் ஸ்ட்ரைக் அவுட் ஒன்றுதான். 55 வாய்ப்பில் 9 ஸ்ட்ரைக் அவுட், 6 வாக் என்றால் .220 அடித்திருந்தாலும் நான் நம்பிக்கை வைப்பேன். 22 ஸ்ட்ரைக் அவுட், 1 வாக் என்றால் .340-ஐயும் நம்பமாட்டேன்.

இன்னொன்று. உங்கள் அணி அரிசோனாவில் முகாமிட்டிருந்தால் அங்கே காற்று வறண்டது, பந்து தூரமாகப் பறக்கும். காசிமேட்டுக் கடற்காற்றில் ஆடுவதும் பாலைவனத்தில் ஆடுவதும் ஒன்றா? ஹோம் ரன் எண்ணிக்கையைப் புளோரிடா அணியோடு ஒப்பிட வேண்டாம்.

எண்களுக்கு மேல் ஸ்கவுட்டின் புதிய அறிக்கையைப் படியுங்கள். முகாமுக்கு முன் நோட்டில் எழுதிய மதிப்பெண்ணும் இப்போதைய மதிப்பெண்ணும் எங்கே மாறியிருக்கின்றன? ஐந்து புள்ளி ஏறியிருந்தால் அது கவனிக்க வேண்டியது.

பயிற்சி ஆட்டமே மதிப்பெண்ணை ஏற்றுமா?

தம்பி திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி இது. ஒரு வீரன் வளர்வதை இந்த கேம்களில் பல காரணங்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன: ஆட்ட நேரம், ஆடும் நிலை அவனுக்குப் பொருந்துவது, பயிற்சியாளரின் திறமை, அணி வளர்ச்சிக்கு ஒதுக்கும் பணம், காயம், கூடவே அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தின் அளவைக்கூட லீக் அமைப்பில் மாற்றலாம், இயல்பாக அது 100-ல் இருக்கும். முப்பது ஆட்டம் இதில் சிறு துண்டு. 162 ஆட்ட சீசனில் அவன் எங்கே நிற்கிறான் என்பதுதான் பெரிய துண்டு. முகாமில் உடனே கிடைக்கும் வளர்ச்சியைவிட, அவனை எந்தப் படியில் வைக்க வேண்டும் என்று அதில் தெரிந்துகொள்வதுதான் எனக்கு முக்கியம்.

உங்கள் கேமில், உங்கள் பதிப்பில் எப்படி என்று நீங்களே பார்க்கலாம். முதலில் சேமித்து வைத்த கோப்பைத் திறங்கள். ஒருமுறை அந்தப் பையனை மாதம் முழுக்க ஆட வைத்து மதிப்பெண்ணைக் குறியுங்கள். மறுபடி அதே கோப்பைத் திறந்து, ஒருமுறைகூட இறக்காமல் மாதத்தை ஓட்டிக் குறியுங்கள். இரண்டையும் ஐந்தைந்து முறை செய்தால் அதிர்ஷ்டத்தைத் தாண்டி ஏதாவது தெரியும். ஒருமுறை செய்து முடிவு கட்டாதீர்கள். ஒரு ஞாயிறு மதியம் போதும். நான் செய்தபோது பக்கத்தில் பி.வி. காலனி அத்தோ (பர்மா நூடுல்ஸ்) ஒரு பொட்டலம் இருந்தது, நேரம் போனதே தெரியவில்லை.

படி 7: அனுப்புவது

சீசன் தொடங்கும்போது அணியில் 26 பேர்தான் இருக்க முடியும். அந்த 26 பேரையும் சேர்த்துப் பாதுகாப்புப் பட்டியலில் 40 பேர். இந்த 40-க்குள் இருக்கும் இளைஞனை மைனருக்கு அனுப்ப மூன்று சீசன் மட்டுமே அனுமதி உண்டு. அதற்கு ஆப்ஷன் என்று பெயர். மூன்றும் தீர்ந்தவனை அனுப்ப முயன்றால் மற்ற அணிகள் அவனை எடுத்துக்கொள்ளலாம். ஆப்ஷன் தீர்ந்த ஒருவனும் ஆப்ஷன் இருக்கும் ஒருவனும் ஏறக்குறைய சமமாக ஆடினால், தீர்ந்தவனை வைத்துக்கொள்ளுங்கள். மற்றவன் டிரிபிள்-ஏவில் தினமும் ஆடுவான், கையை விட்டும் போகமாட்டான்.

ஒரே நாளில் எல்லோரையும் வெட்டாதீர்கள். பத்தாம் நாள் வாக்கில், கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டவர்களை அனுப்புங்கள். அப்போதுதான் மிச்சமிருப்பவர்களுக்கு வாய்ப்பு கூடும். கடைசி வாரம் வாசலில் நிற்கும் இருவர் மட்டும் இருக்கட்டும்.

சேவை நாள் கணக்கும் ஒன்று உண்டு. 172 நாள் மேஜர் லீக்கில் இருந்தால் ஒரு முழு ஆண்டு. ஆறு ஆண்டு நிறைந்தால் வீரன் விரும்பிய அணிக்குப் போகலாம். 2015-ல் சிகாகோ கப்ஸின் கிரிஸ் பிரையன்ட் பயிற்சிக் காலத்தில் 9 ஹோம் ரன் அடித்தார், அந்த ஆண்டு யாரும் அதைவிட அதிகம் அடிக்கவில்லை. ஆனாலும் அவரை டிரிபிள்-ஏவுக்கு அனுப்பிவிட்டு ஏப்ரல் 17-ம் தேதிதான் அழைத்தார்கள். சீசன் முடிவில் அவர் கணக்கில் இருந்தது 171 நாள். ஒரு நாள் குறைவு. அவர் முறையிட்டும் தீர்ப்பு அணியின் பக்கமே வந்தது. கேமில் நீங்களும் இப்படிச் செய்யலாம், ஓர் ஆண்டு லாபம். நான் செய்வதில்லை. தயாரானவனைத் தயாரில்லை என்று சொல்லி உட்கார வைப்பது எனக்குப் பிடிக்காது. 2022 முதல், முன்னணி இளைஞனைத் தொடக்கத்திலேயே அணியில் வைத்து அவன் சிறந்த அறிமுக வீரர் விருது போன்றவற்றை வென்றால் அணிக்குக் கூடுதல் டிராஃப்ட் வாய்ப்பு தரும் விதியும் வந்திருக்கிறது. அதையும் எண்ணிப் பாருங்கள்.

எங்கே அனுப்புவது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு: அவன் வாரத்தில் ஆறு நாள் ஆடக்கூடிய, அதே சமயம் கொஞ்சம் திணறக்கூடிய படி. எதிலும் திணறாமல் அடித்து நொறுக்கினால் படி தாழ்ந்தது. முழுக்க மூழ்கினால் படி உயர்ந்தது. மேஜர் லீக் பெஞ்சில் வாரம் ஒருமுறை ஆடுவதைவிட டபுள்-ஏவில் தினமும் ஆடுவது இருபத்தொரு வயதுக்காரனுக்குப் பல மடங்கு நல்லது. என் இரண்டாவது சீசனில் அப்படி ஒரு ஷார்ட்ஸ்டாப்பை ஆண்டு முழுக்கப் பெஞ்சில் வைத்திருந்தேன். 65 வரை எட்டுவான் என்று ஸ்கவுட் சொன்ன பையன் 50-லேயே நின்றுவிட்டான். இன்றைக்கும் அந்தப் பெயரைப் பட்டியலில் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும்.

சீசன் தொடங்கும் நாளில் பெரிய அணியின் முதல் ஆட்டத்தைத் திறப்பதற்கு முன் டபுள்-ஏ, டிரிபிள்-ஏ அணிகளின் பேட்டிங் வரிசையைத் திறந்து பாருங்கள். முகாமிலிருந்து நீங்கள் அனுப்பிய பையன்களின் பெயர் அதில் முதல் ஒன்பதில் இருக்கிறதா? இடது கை பிட்சருக்கான வரிசையிலும் இருக்கிறதா? அந்த அணியின் தானியங்கி மேலாளர் முப்பது வயது ஆள் யாரையாவது அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால், அவரை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுப் பையனின் பெயரை நீங்களே எழுதுங்கள். மே முதல் தேதி மறுபடி ஒருமுறை திறந்து பாருங்கள்.